கடலோரத்தில் ஒரு பொதுக்கூடம்: ராமநாதபுரம் கரையில் முதன்முறை வடிவமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

கடலில் குளித்து எழுந்தவர்கள் உடம்பின் உப்பைக் கழுவி, உடை மாற்றி, ஈரத் துணியைப் பிழிந்து, சற்று நேரம் நிழலில் அமர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு ஊர் திரும்புவதற்கான கட்டடத்தையே இக்கட்டுரையில் கடலோரப் பொதுக்கூடம் என்கிறேன். உடை மாற்றும் அறை, நன்னீர்க் குளியல், கழிப்பறை, முதலுதவி அறை, திண்ணை ஆகியவை அதன் உறுப்புகள். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர் நீளமுடையது. அக்னி தீர்த்தம், தேவிபட்டினம், சேதுக்கரை, அரியமான், மாரியூர் என்று மக்கள் கூடும் இடங்கள் அதில் பல உள்ளன. இத்தகைய இடங்களில் முதன்முறையாக ஒரு கட்டடம் வரையும் பொறுப்பை ஏற்கும் ஊராட்சிப் பொறியாளருக்கும், படிப்பை முடித்து வந்த இளம் கட்டடக் கலைஞருக்கும், நிதி ஒதுக்கும் இடத்தில் இருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும்.

வேலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் வெளிநாட்டு மாதிரிகளின் படங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சிகாகோ போன்ற நகரங்களின் ஏரிக்கரைகளில் அழகிய பொதுக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கப்பல் வடிவிலேயே கட்டப்பட்டது. ஆனால் அங்கே கட்டடத்திற்கு முன்னால் இருப்பது நன்னீர். சிகாகோ நகரம் குடிப்பதே அந்த மிச்சிகன் ஏரியின் நீரைத்தான். அங்கே காற்றில் கடல் உப்பு இல்லை, குளிர்காலத்தில் குளிப்போரும் இல்லை. நம் கரையிலோ முன்னால் இருக்கும் நீர் எதற்கும் உதவாது, பின்னால் இருக்கும் நீர் போதாது, காற்று இரும்பைத் தின்கிறது, கூட்டம் பன்னிரண்டு மாதமும் வருகிறது. ஆகவே அந்தப் படங்களிலிருந்து அறைகளின் அடுக்குமுறையைக் கற்றுக்கொள்ளலாமே தவிர, வேறெதையும் அப்படியே எடுத்துவரக் கூடாது. இந்தக் கரையில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே வடிவத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்காகக் கட்டுகிறோம்

வரைபடத் தாளை விரிப்பதற்கு முன், தேர்ந்தெடுத்த கரையில் மூன்று வகையான நாள்களில் நின்று பார்க்க வேண்டும்: ஓர் அமாவாசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டமில்லாத ஒரு வேலை நாள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வருவோர் விடியற்காலையிலேயே கூடிவிடுவார்கள். அவர்கள் முழுகி எழுந்து, ஈர உடையோடு கரையில் நின்று, சுற்றிலும் மறைப்புத் தேடுவார்கள். ஆண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு மாற்றிவிடுவார்கள். பெண்கள் ஒருவருக்கொருவர் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுவதைக் காணலாம். இந்தக் கட்டடம் முதலில் அவர்களுக்குத்தான். ஞாயிறு மாலையில் வருவோர் குழந்தைகளோடு வருகிறார்கள். அவர்களுக்குக் கால் மணலைக் கழுவுவதும் கழிப்பறையுமே முக்கியம். வேலை நாளில் அங்கே இருப்பவர்கள் வலை பழுதுபார்க்கும் மீனவர்களும் பாசி எடுத்துத் திரும்பும் பெண்களும். மணிக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றுவிட்டு வரும் அந்தப் பெண்களுக்கு உடம்பைக் கழுவ நன்னீரும் ஒரு மறைவான இடமும் கிடைக்கச் செய்யாத பொதுக்கூடம், வெளியூரார் வந்துபோகும் இடமாக மட்டுமே நின்றுவிடும்.

எண்ணிக்கையை நாள் கணக்கில் எடுக்காமல், நெரிசலான மணிநேரத்தின் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் 300 பெண்கள் குளிக்கிறார்கள் என்றால், மணிக்கு 100 பேர். ஒருவருக்கு உடை மாற்ற ஆறு நிமிடம் என்று கொண்டால், ஓர் அறை மணிக்குப் பத்துப் பேருக்குப் பயன்படும். ஆகப் பத்து அறைகள் வேண்டும். ஆடி அமாவாசைக்கு இது போதாது. அதற்காக நாற்பது அறைகள் கட்டி ஆண்டு முழுவதும் பூட்டி வைப்பது வீண். முற்றத்துத் தரையில் குழாய்க் குழிகளை முன்கூட்டியே பதித்து வைத்தால், பெருங்கூட்ட நாள்களில் கம்பு நட்டுத் திரை கட்டி, தேவையான அளவு மறைப்புகளைச் சில மணி நேரத்தில் எழுப்பிவிடலாம்.

எந்தக் கடல்

மாவட்டத்தின் வடபுறம் பாக் விரிகுடா, தென்புறம் மன்னார் வளைகுடா. தொண்டியும் தேவிபட்டினமும் அரியமானும் முன்னதைப் பார்க்கின்றன; கீழக்கரையும் சேதுக்கரையும் வாலிநோக்கமும் பின்னதைப் பார்க்கின்றன. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது; ஆண்டின் பெரும்பகுதி குளம் போல் கிடக்கும் அது, வாடைக் காற்று தொடங்கியதும் குணம் மாறிவிடும். தென்கடலோ கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். எனவே வடகரையில் கட்டுவோர் அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வரும் மழைச் சாரலையும், தென்கரையில் கட்டுவோர் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் மணலையும் முதன்மையாகக் கருத வேண்டும். ஒரு கரைக்கு வரைந்த படத்தை மறுகரைக்கு அப்படியே கொடுத்தால், வாசல் தவறான திசையில் அமைந்துவிடும்.

பாக் விரிகுடாக் கரையில் கடற்புல் குவியல் குவியலாக ஒதுங்கும். அது பார்வைக்கு அழுக்காகத் தெரிந்தாலும், மணலைப் பிடித்து வைக்கிறது. நடைபாதையின் அகலத்திற்கு மட்டும் அதை அகற்றினால் போதும்; கரை முழுவதையும் பெருக்கித் துடைப்பது கரை அரிப்புக்கே வழிவகுக்கும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை போன்று இரு கடலும் சந்திக்கும் இடங்களில் நீரோட்டம் வலிமையானது. அங்கே குளியலை ஊக்குவிக்கும் எந்தக் கட்டடத்தையும் முன்மொழியக் கூடாது; நிழலும் கழிப்பறையும் குடிநீரும் மட்டும் போதும்.

நிலமும் சட்டமும்

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இலும் பின்னர் 2019-இலும் வெளியானது. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி நிற்கும் உச்ச எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் ஆளுகைக்கு உட்பட்டது. கரையில் ஈரம் படிந்த அடையாளத்தைப் பார்த்து அந்தக் கோட்டை நாமே குறித்துக்கொள்ள முடியாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் 1:4000 அளவு வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கரைகளில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை மேம்பாடு தடைசெய்யப்பட்ட பகுதி. ஆயினும் 2019 அறிவிக்கை, ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் சுற்றுலாப் பகுதியில் இடம்பெற்றிருந்தால், கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளியல் குழாய், நடைபாதை, குடிநீர், இருக்கை போன்ற தற்காலிக வசதிகளை அப்பகுதியிலும் அனுமதிக்கிறது. அவை உயர் ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். ‘தற்காலிக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கரையை ஒட்டி வருவது கழற்றி எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கான்கிரீட்டும் தொட்டியும் கொண்ட நிரந்தரப் பகுதி பின்னால் தள்ளிப் போக வேண்டும். சட்டம் சொல்வதால் மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நல்ல வடிவமைப்பும் இதையேதான் கேட்கிறது. விண்ணப்பம் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகச் செல்லும். தங்கள் மாவட்டத்தில் அன்றைய தேதியில் எந்த அறிவிக்கையின் அடிப்படையிலான மேலாண்மைத் திட்ட வரைபடம் நடைமுறையில் உள்ளது என்பதை அங்கேயே கேட்டு எழுத்து மூலம் பெறுவது நல்லது.

அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல் படுகை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை மிகுந்த பாதுகாப்புக்கு உரிய பகுதிகள். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டு, 21 தீவுகளை உள்ளடக்கியது. தென்கரையில் எங்கே கட்டினாலும் வனத்துறையின் கருத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். நிலம் புறம்போக்கா, கோயில் நிலமா, வனத்துறை நிலமா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேடு சொல்லும்.

பதிவேட்டில் இல்லாத உரிமைகளும் உண்டு. வெறும் மணலாகத் தெரியும் இடம் ஒரு கரைவலையின் பாடாக இருக்கலாம்; அங்கேதான் வலையை இழுத்துக் கரை சேர்ப்பார்கள். வள்ளங்களை ஏற்றி வைக்கும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், வாடி என்னும் மீனவர் கொட்டகை போடும் இடம் எல்லாம் ஊராருக்குத் தெரியும். நில அளவைப் படத்தில் இரா. ஊர்க்கூட்டத்தில் சுண்ணாம்புப் பொடியால் கட்டடத்தின் நான்கு மூலைகளையும் மணலிலேயே குறித்துக் காட்டிக் கேட்டால், அரை மணி நேரத்தில் எல்லாத் தகவல்களும் வந்துவிடும். படத்தைக் காட்டிக் கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெண்களைத் தனியாக ஒரு நேரத்தில் அழைத்துக் கேட்பது கட்டாயம்.

நல்ல தண்ணீர்

இதுதான் இந்தக் கரையில் கட்டடத்தின் உயிர். மணற்பாங்கான கரையோரத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாலின் மேல் ஏடு படிந்திருப்பதைப் போல, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகிலேயே மணலைத் தோண்டி ஊற்றெடுத்து அகப்பையால் மொண்டு நல்ல தண்ணீர் எடுக்க முடிவது இதனால்தான். கொள்கைப்படி, கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கரையோரத்தில் அந்த உயரம் சில செண்டிமீட்டர்களே இருக்கும். பத்துச் செண்டிமீட்டர் நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உப்புநீர் நான்கு மீட்டர் வரை மேலேறி வரக்கூடும். ஆழ்துளைக் கிணறு தோண்டி மோட்டார் போட்ட இடங்களில் முதலில் இனித்த தண்ணீர் பிறகு கரித்துப் போவதற்குக் காரணம் இதுவே. நம் கட்டடத்திற்காக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு, பக்கத்து ஊரின் ஊற்றை உப்பாக்கிவிட்டால், அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

ஆகவே தண்ணீரை மூன்றாகப் பிரித்துத் திட்டமிட வேண்டும். குடிப்பதற்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இணைப்போ லாரித் தண்ணீரோதான் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். அதற்கு மூடிய தனித் தொட்டி வேண்டும். உடம்பைக் கழுவுவதற்கு மழைநீர் ஓரளவு உதவும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் ஆண்டுக்கு 64,000 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்குப் பத்து லிட்டர் என்று கட்டுப்படுத்தினால், அது 6,400 பேரின் குளியல். ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடுவதால், தொட்டி கொள்ளும் அளவுதான் நமக்கு உண்மையில் மிஞ்சும். கூரையில் படிந்த உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை வெளியேற்றும் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றாவது, கழிப்பறைக்கும் கால் கழுவவும் ஆழமற்ற கிணற்றின் உவர்நீரே போதும். அந்தக் கிணறு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும். சிறிய மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

நன்னீருக்கும் உவர்நீருக்கும் குழாய்கள் இறுதிவரை தனித்தனியாகச் செல்ல வேண்டும். நிறம் வேறாக இருக்க வேண்டும். உவர்நீர்க் குழாயில் உலோகக் குமிழ் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய்களே போதும். நன்னீர்க் குளியலுக்கு அழுத்தினால் சில நொடிகள் மட்டும் ஓடித் தானே நின்றுவிடும் குழாய்கள் பொருத்த வேண்டும். நம் மக்களுக்கு வாளியும் குவளையும் பழக்கமானவை. வயதானவர்கள் பூந்தூறல் குழாயின் கீழ் நிற்கத் தயங்குவார்கள். பெண்கள் பக்கத்தில் பாதிக் குளியல் இடங்களையாவது இடுப்பளவுத் தொட்டியும் குவளையும் கொண்டவையாக அமைப்பது நல்லது.

கழிவு நீர்

வழக்கமான செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும் இங்கே பொருந்தா. உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது இரண்டு மீட்டர் மண் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கரையோரத்தில் மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கோடையில் குழி தோண்டிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நீர்மட்டத்தை நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ அளக்க வேண்டும். பரு மணலில் கழிவு வேகமாகப் பரவும். நாம் கட்டும் கழிப்பறையும் ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றும் ஒரே நீர்ப்படலத்தில்தான் இருக்கின்றன.

எனவே கசியாத, முழுவதும் அடைத்த தொட்டிதான் வழி. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெளியளவு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் நீர் ஏறி நின்றால் அதை மேல்நோக்கித் தள்ளும் விசை 12 டன். சுவரும் அடியும் மூடியும் 15 செண்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டாக இருந்தால் அதன் எடை ஏறக்குறைய பத்தரை டன் மட்டுமே. லாரி வந்து கழிவை உறிஞ்சி எடுத்துத் தொட்டி காலியான அன்று, மழைக்கால நீர்மட்டத்தில் அந்தத் தொட்டி மிதந்து மேலெழும்பும். குழாய் இணைப்புகள் முறியும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே இருபுறமும் நீட்டி, அந்த நீட்சியின் மேல் மண்ணை நிரப்பி எடை கூட்டுவதும், தொட்டியின் பாதியைத் தரைக்கு மேல் எழுப்பி அதற்கேற்பக் கழிப்பறையின் தளத்தை உயர்த்துவதும் இதற்குரிய தீர்வுகள். நான் இரண்டாவதையே விரும்புவேன். உயர்ந்த தளம் புயல் அலைக்கும் பாதுகாப்பு.

அடைத்த தொட்டி விரைவில் நிரம்பும் என்பதால் நீரைக் குறைக்க வேண்டும். சரிவு மிகுந்த கிராமிய வகைக் கழிப்பறைக் கோப்பைக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். மேலைநாட்டு வகைக்கு அதைப் போல் மூன்று மடங்காவது ஆகும். சுத்தம் செய்வதையும் சேர்த்து ஒருவருக்கு நான்கு லிட்டர் என்றால், நாளொன்றுக்கு 200 பேருக்கு 800 லிட்டர். மேலே சொன்ன தொட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 7,800 லிட்டர். பத்து நாளுக்கு ஒரு முறை லாரி வர வேண்டும். இந்தக் கணக்கையும், லாரி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டு கொட்டும் என்பதையும், அது மணலில் புதையாமல் தொட்டிவரை வந்து திரும்பும் பாதையையும் படத்திலேயே காட்டாத திட்டத்தை ஏற்கக் கூடாது. சிறுநீரையும் மலத்தையும் பிரித்து உரமாக்கும் உலர் கழிப்பறை, திருச்சி மாவட்டத்து முசிறியில் செய்து காட்டப்பட்ட முறை. நிரந்தரமாக ஒரே மக்கள் பயன்படுத்தும் மீனவர் குடியிருப்புகளுக்கு அது மிகப் பொருத்தம். பல மாநிலங்களிலிருந்தும் யாத்திரிகர் வந்துபோகும் இடத்திலோ, எந்நேரமும் வழிகாட்டும் ஒருவர் இல்லாவிட்டால் அது தோற்கும்.

குளியல் நீரைக் கழிப்பறை நீரோடு கலக்கக் கூடாது. அதில் உப்பும் சோப்பும் இருக்கும். மணல் படியும் சிறு தொட்டி ஒன்றைக் கடந்து, கூழாங்கல் படுகை வழியாகத் தென்னைக்கும் பூவரசுக்கும் போகட்டும். இரண்டும் உப்பைத் தாங்குபவை. மணல் தொட்டியை வாரம் ஒரு முறை அள்ளி எடுக்க வசதியாக, ஒரு மண்வெட்டி நுழையும் அகலத்தில் அமைக்க வேண்டும்.

உடை மாற்றும் அறையின் உள்ளே

ஈரப் புடவையோடு ஒருவர் உள்ளே நுழைகிறார், கையில் ஒரு பை, ஒருவேளை இடுப்பில் ஒரு குழந்தை. பையை வைக்க ஈரம் படாத உயரத்தில் ஒரு திட்டு வேண்டும். உட்கார ஒரு திட்டு வேண்டும். கொக்கிகள் இரண்டு சுவர்களில் எதிரெதிராக இருக்க வேண்டும்: ஒன்று ஈரத் துணிக்கு, மற்றொன்று உலர்ந்த துணிக்கு, ஒரே வரிசையில் வைத்தால் உலர்ந்த துணி நனைந்துவிடும். அறையின் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. புடவை கட்டக் கை விரிய வேண்டும். சுவர் தரையோடு இடைவெளியின்றி எழும்ப வேண்டும். வெளிச்சமும் காற்றும் தலைக்கு மேலேதான் வர வேண்டும். கைப்பேசிக் கேமரா எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில், கண் மட்டத்திற்குக் கீழே ஜாலி எனப்படும் துளைத் தடுப்பு வைப்பதற்குப் பெண்கள் பக்கத்தில் எவ்வித நியாயமும் இல்லை. தரை ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்கட்டும். மெருகேற்றிய கடப்பாக் கல் ஈரத்தில் வழுக்கும், கொத்திய கருங்கல்லோ சொரசொரப்பான சிமெண்டுத் தளமோ நல்லது.

தாயும் மகனும், வயதான கணவரும் மனைவியும், திருநங்கையரும், உதவியாளரோடு வரும் மாற்றுத்திறனாளியும் பயன்படுத்தத் தனி நுழைவுள்ள ஒரு பெரிய அறை கட்டாயம். அதன் கதவு 90 செண்டிமீட்டர் திறப்பு கொண்டிருக்க வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் வேண்டும்.

யாத்திரைக் கரைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தத் துணிகள் நீரடியில் சுருண்டு, குளிப்போரின் காலிலும் மீனவர் வலையிலும் சிக்குகின்றன. கூடத்தின் வாயிலுக்கும் கடலுக்கும் இடையே துணி போடுவதற்கென்று ஒரு பெரிய கல்தொட்டியை மரியாதையான தோற்றத்தோடு அமைத்தால், பெரும்பாலோர் அதில் இடுவார்கள். குப்பைத் தொட்டி போல் தோன்றினால் இடமாட்டார்கள்.

காற்று, மழை, உப்பு

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை இங்கே விளக்க வேண்டியதில்லை. கூரை நாற்புறச் சரிவுடையதாகவும், சரிவு முப்பது பாகை அளவிலும் இருந்தால் புயல் காற்று அதைத் தூக்குவது கடினம். நீண்ட தாழ்வாரம் வேண்டுமென்றால், அதன் கூரையை முதன்மைக் கூரையோடு இணைக்காமல் தனிச் சட்டத்தில் நிறுத்த வேண்டும். புயலில் தாழ்வாரம் போனாலும் கூடம் நிற்கும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வடிகாலை அத்தகைய நாளை நினைத்து அளவிட வேண்டும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கரையின் அரசுக் கட்டடங்கள் பெரும்பாலும் கம்பி துருத்தித்தான் சாகின்றன. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி, கடல்நீர்ச் சாரல் படும் கான்கிரீட் மிகக் கடுமையான சூழலைச் சேர்ந்தது: குறைந்தது எம்35 என்னும் வலிமைத் தரம், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடுகனம், நீர்-சிமெண்டு விகிதம் 0.45-க்கு மிகாமை. உள்ளூர் வீடுகளில் 20 மில்லிமீட்டர் வைத்துப் பழகிய கொத்தனாருக்கு 50 என்பது வீணாகத் தோன்றும். வார்ப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே வைத்த கட்டைகளை அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும். கடற்கரை மணலும் உவர்நீரும் கலவைக்குள் வரவே கூடாது. பதப்படுத்தும் நீரும் நன்னீராகவே இருக்க வேண்டும். இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டும் உப்பை மெதுவாகவே உள்ளே விடும். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருப்பது, இந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதற்குச் சான்று.

சிறிய கட்டடத்திற்கு என் பரிந்துரை, கம்பியையே குறைப்பதுதான். செங்கல் அல்லது கருங்கல் சுவர், அதன் மேல் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், ஓடு. பனை இந்த மண்ணின் மரம், உப்புக்காற்றில் நெடுங்காலம் நிற்கும். ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. எனவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் சட்டங்களைத் தேடுவது சிறந்தது. பவளக்கல்லைச் சுவருக்கோ சுண்ணாம்புக்கோ எவர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். தனுஷ்கோடி இடிபாடுகளில் அக்கற்களை இன்றும் காணலாம். ஆனால் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கீல், தாழ்ப்பாள், கொக்கி, திருகாணி ஆகியவை பித்தளையாகவோ 316 தரத் துருப்பிடிக்கா எஃகாகவோ இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 304 தரம் கடலோரத்தில் பழுப்பேறிவிடும்.

மணலின் மேல் நடைபாதை

கூடத்திலிருந்து கடல்வரை சக்கர நாற்காலி செல்லப் பாதை வேண்டும். சரிவுப் பாதை பன்னிரண்டுக்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து மீண்டும் சீரமைக்கப்பட்டது. அந்தப் பாதையின் நோக்கம் போற்றத்தக்கது. நாம் கற்க வேண்டியது, கடைசிப் பகுதியைத் துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்து, புயல் எச்சரிக்கை வந்த அன்றே எடுத்து உள்ளே அடுக்கும் வழியை. நான்கு பேர் தூக்கக்கூடிய எடைக்கு மேல் ஒரு துண்டும் இருக்கக் கூடாது. அடும்புக் கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டை வெட்டிப் பாதை அமைக்காமல், அதன் மேலே தூண்களில் தாங்கிக் கொண்டுபோக வேண்டும்.

ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால், கடலை நோக்கி எந்த விளக்கும் எரியக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்து நிலப்பக்கம் திரும்பிவிடும். தாழ்ந்த கம்பத்தில், மேலே மூடிய, மஞ்சள் நிற விளக்குகள் போதும்.

பராமரிப்பும் கால அட்டவணையும்

சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதி முடிவு செய்ய வேண்டும். உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்து, சிறு கட்டணம் வசூலிக்க அனுமதித்து, லாரிச் செலவையும் இருவரின் சம்பளத்தையும் ஊராட்சியின் ஆண்டுச் செலவுத் திட்டத்தில் சேர்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. கட்டணம் மட்டும் அவற்றை ஈடுசெய்யாது. துப்புரவுப் பணியாளருக்கு ஓய்வறையும் குளியலும் பூட்டக்கூடிய அலமாரியும் படத்தில் இருக்க வேண்டும். அவற்றைச் செலவு குறைப்பின் போது முதலில் வெட்டிவிடுவார்கள், விட்டுக்கொடுக்கக் கூடாது. குளிக்கும் நீரைச் சோதித்து முடிவை வாயிலில் எழுதி வைப்பதும் பொறுப்பில் சேர வேண்டும். குளியலுக்குரிய கடல்நீரில் மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிலிட்டருக்கு 100 என்பது விதிக்கப்பட்ட எல்லை.

வடகரையில் வேலையைப் பொங்கல் கழிந்து தொடங்கி, நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி வேலையை முடித்து, செப்டம்பருக்குள் கூரை போட்டுவிட வேண்டும். தென்கரையில் கச்சான் காலத்தில் மணல் பறப்பதால், பூச்சு வேலையையும் வண்ணத்தையும் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை ஒரு முழு வாடைக் காலம் கடக்கும் வரை நிறுத்தி வைக்கும் விதியை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, ஜனவரியில் தொட்டியைக் காலி செய்து பார்த்து, அது இருந்த இடத்திலேயே இருக்கிறதா, குழாய் இணைப்புகள் கசிகின்றனவா, கூரையின் ஓடுகள் நகர்ந்தனவா, கீல்கள் திரும்புகின்றனவா என்பதைச் சரிபார்த்த பின்னரே அதை விடுவிக்க வேண்டும்.